சத்தம் உண்டு, ஆள் இல்ல

இல்லக்கா, எங்கம்மா இல்ல. தெரிஞ்சவங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மாத்திரை போட்ட தூக்கம். என் தோள்லயே சாஞ்சிருக்கட்டும், எனக்குப் பாரமா இல்ல. நீங்க நல்லாத் தள்ளி உக்காருங்க, மூணு பேர் சீட்டுதான.

நானா? நான் அழுகலக்கா. காத்து. இந்த ஷட்டர் பாதிக்கு மேல இறங்க மாட்டேங்குது.

சரி, சொல்றேன். மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள யார்கிட்டயாவது ஒருதடவை சொல்லிப் பாத்துக்கிட்டா நல்லதுதான். நாளைக்கு எங்க மேடம்கிட்ட இதைச் சொல்லியாகணும், இப்ப இருக்குற நிலைமையில எனக்குக் கோர்வையா வராது. ஆனா பேரு மட்டும் கேக்காதீங்க. எங்க படிப்புல மொத வருசமே சொல்லிக்குடுக்குற விதி அது. நம்மகிட்ட வர்றவங்களப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்க இந்த பஸ்ஸோட சரி, அப்புறம் நம்ம பாக்கப்போறது இல்ல. அதனால சொல்றேன்.

நான் மதுரைக்கு வெளிய ஒரு மனநல இல்லத்துல வேலை பாக்குறேன். இவங்க அங்க இருக்குறவங்க. பயப்படாதீங்கக்கா, இவங்க யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எறும்பு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவாங்க.

எங்க தெருவுலயே காலேஜ் முடிச்ச மொத ஆளு நான். அப்பா மண்டில மூட்டை தூக்குறாரு. நான் என்ன படிச்சேன், என்ன வேலை பாக்குறேன்னு அவருக்கு இன்னும் சொல்லத் தெரியாது. போன மாசம் என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட டீச்சர்னு சொல்லிட்டாரு. அது பொய்னு சொல்ல முடியாது. நான் சொல்லித்தான குடுக்குறேன்.

என்ன சொல்லிக்குடுக்குறேன்னா, இவங்கல்லாம் பல வருசமா மாத்திரை சாப்பிடுறவங்க. மாத்திரையில நோய் பெரும்பாலும் அடங்கிடும். அடங்காம கொஞ்சம் மிச்சம் நிக்கும். சிலருக்குக் காதுல யாரோ பேசுற மாதிரி குரல், சிலருக்குச் சந்தேகம். அந்த மிச்சத்தை வச்சுக்கிட்டு ஒரு நாளை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லிக்குடுக்குறதுதான் என் வேலை. குணமாக்குறேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லக்கா. அந்த விசயத்துல நான் ரொம்பக் கவனமா இருப்பேன். குரல் நிக்காது, அதோட இருந்து பழகலாம். அவ்வளவுதான்.

கேக்குறப்ப சின்ன வேலையாத் தெரியும். பகல் சாப்பாட்டுக்கு முன்னாடி வகுப்பு. மாத்திரை வேகத்துல பாதிப் பேருக்குக் கண்ணு சொருகும். ஒருத்தர் நடுவுல எந்திரிச்சுப் போயிடுவாரு. நேத்து சொன்னதை இன்னைக்கு மறுபடி சொல்லணும், இன்னைக்குச் சொன்னதை நாளைக்கு. சாயங்காலம் ரூமுக்குப் போனா எனக்கே என் குரல் காதுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும்.

குரல் வந்தா வாய்க்குள்ள ஒரு பாட்டை முணுமுணுங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்குற பொருளை எல்லாம் ஒண்ணொண்ணாப் பேர் சொல்லுங்க. குரல்கிட்டச் சண்டை போடாதீங்க, கெஞ்சவும் செய்யாதீங்க. 'இப்ப ஆளுங்க இருக்காங்க, சாயங்காலம் வா, பேசிக்கலாம்'னு தள்ளிப் போடுங்க. இது நெசமாவே வேலை செய்யும்க்கா. பல பேருக்குக் குரல் கொஞ்சம் ஒதுங்கும். ஒருத்தர் சாயங்காலமானா தலை சீவிக்கிட்டு வராண்டாவுல வந்து உக்காந்துருவாரு. என்னன்னு கேட்டா, 'வரச் சொன்னேன் டீச்சர், இன்னும் ஆளக் காணோம்'பாரு. நான் சிரிச்சிருக்கக் கூடாது, சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு.

எல்லாத்துக்கும் கடைசியா ஒரு வரி வச்சிருக்கேன். சத்தம் உண்டு, ஆள் இல்ல. தினமும் வகுப்பு முடியுறப்ப எல்லாரும் சேந்து சொல்லணும். பாடம் மறந்தாலும் அது மறக்கக் கூடாதுன்னு.

இவங்கதான் அதுல மொத ஆளு. எனக்கு வாய்ச்ச ஒரே நல்ல மாணவின்னு சொல்லலாம், வயசு என்னைப்போல ரெண்டு மடங்கு. இவங்களுக்கு ஒரு ஆம்பளைக் குரல். எப்பப் பாத்தாலும் குத்தம் சொல்லும். சோறு குழைஞ்சுபோச்சுங்கும், சேலையை இழுத்துக் கட்டுங்கும். 'சத்தம் உண்டு டீச்சர், ஆள் இல்ல. அதெல்லாம் நல்லாத் தெரியும். ஆனா ஆள் இல்லாதவனுக்குச் சோறு குழைஞ்சா என்ன, வேகாட்டி என்ன'ன்னு கேப்பாங்க. வகுப்பே சிரிக்கும். அந்த அளவுக்குத் தெளிவு. என்னோட எல்லா அறிக்கையிலயும் இவங்க முன்னேற்றம்தான் இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். கூட்டத்துக்குள்ள போனா, இரைச்சல்ல குரல் பலமாயிடும். பதில் சொல்லாம இருக்க முடியாது. சந்தைக்குக் கூட்டிட்டுப் போனோம்னா காய் வாங்குறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க, பிள்ளைங்க பின்னாடியே வரும். நான் எங்கயோ படிச்சிருந்தேன், வெளியூர்கள்ல இதுக்கு ஒரு வழி சொல்லிக்குடுக்குறாங்கன்னு. கையில ஒரு போன் குடுத்துருங்க. குரலுக்குப் பதில் சொல்லணும்னா போனைக் காதுல வச்சுக்கிட்டுச் சொல்லட்டும். ஊரே போன்ல பேசுது, யார் திரும்பிப் பாக்கப் போறா?

என் பழைய போனைக் குடுத்தேன். சிம் கிடையாது, சார்ஜும் ஏறாது. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அத்தனை பேர் போன்ல கத்திக்கிட்டு நிக்கிறாங்க, நடுவுல இவங்களும் நின்னு பேசுறாங்க. ஒருத்தர் திரும்பல. ஒரு அம்மா இவங்களையே உரசிக்கிட்டுப் போனாங்க, ஏறிட்டுக்கூடப் பாக்கல. இவங்க முகத்தைப் பாக்கணுமேக்கா. 'டீச்சர், என்னை யாரும் பாக்கல'ன்னாங்க. மேடம் என்னைக் கூப்பிட்டு மத்த ஊழியர்களுக்கு அதை விளக்கச் சொன்னாங்க.

அப்பதான் இவங்க தம்பி வந்தாரு. நல்ல மனுசன்க்கா. பொங்கலுக்குப் பொங்கல் சேலை எடுத்துட்டு வருவாரு. உள்ள வரமாட்டாரு, கேட்லயே குடுத்துட்டுப் போயிடுவாரு, பைக்கை வெயில்ல விட முடியாதும்பாரு. அன்னைக்கு உள்ள வந்து உக்காந்தாரு. அவரு பொண்ணு ரஞ்சனிக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்ல, 'பொண்ணுக்கு அத்தை ஒருத்தி உண்டாமே, கண்ணுலயே காட்டலையே'ன்னு கேட்டுட்டாங்களாம். இவரு, புருசன் விட்டுட்டுப் போயிட்டான், மதுரையில லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருக்குன்னு சொல்லி வச்சிருக்காரு. நிச்சயத்தன்னைக்கு அத்தை வரலைன்னா சந்தேகம் வரும்.

'டீச்சர், பவுனுத்தாய் அக்கா அந்த ஒருநாள் மட்டும் வந்து, நாலு பேரு முன்னாடி தானாப் பேசாம உக்காந்து எந்திரிச்சுட்டாப் போதும். கல்யாணம் முடிஞ்ச கையோட வீட்டுக்கே கூட்டிட்டு வந்துர்றேன். மாடியில ரூம் எடுத்திருக்கேன். ஆனா தெரிஞ்சுபோச்சுன்னா எம்பிள்ளைய எவன் கட்டுவான்? ரத்தத்துல வர்றதும்பான்.'

ஐயோ, பேரைச் சொல்லிட்டேனா. காதுல விழாத மாதிரி இருந்துக்கங்கக்கா.

நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். அப்படி நேரா ரத்தத்துல வர்ற விசயம் இல்ல, அதுக்குப் பல காரணம் உண்டுன்னு ஒவ்வொண்ணா விளக்குனேன். கேட்டுக்கிட்டாரு. நடுவுல மணி பாத்தாரு. போன் விசயத்தையும் விளக்கமாச் சொன்னேன். அது அவருக்குப் பிடிச்சிருந்துச்சு.

இவங்களுக்கு அதுலருந்து ஒரே நெனப்புதான். வீடு. மாடி ரூம். அந்த ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு என்னைக் கேக்குறாங்க. நான் எங்க கண்டேன்? கிழக்க இருந்தா கோயில் கோபுரம் தெரியும், மேற்க இருந்தா மலை தெரியும், எது இருந்தாலும் சரின்னாங்க. தன்னோட ஓரத்துக் கட்டில் இடத்தைப் பக்கத்துல படுக்குறவங்களுக்கு எழுதாத குறையாக் குடுத்துட்டாங்க. 'ரஞ்சனியை நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன், அவ கல்யாணத்துல பந்தியில நிப்பேன்'னு சமையக்காரம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பல வருசம்க்கா இந்த இல்லத்துல. நான் அவசரப்படாதீங்கம்மான்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

அதுக்காகவே தனியாப் பயிற்சி குடுத்தேன். எந்திரிக்கணும், போனைக் காதுல வைக்கணும், ஒதுக்குப்புறமாப் போகணும், மெதுவா அந்தச் 'சாயங்காலம் வா' வாக்கியத்தைச் சொல்லணும், திரும்பி வந்து உக்காரணும். மறுபடி மறுபடி.

இன்னைக்குக் காலையிலதான் நிச்சயம். சின்னமனூர்ப் பக்கம், தம்பி வீட்லயே. நானும் கூட வந்தேன், ஹாஸ்டல்ல கூட வேலை பாக்குற புள்ளைன்னு. அந்தப் பொய் எனக்கு ஒத்துக்கவே இல்ல, சாப்பிட்ட இட்லி நெஞ்சுலயே நின்னுச்சு. இவங்க பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகளுக்கு நடுவுல உக்காந்திருந்தாங்க. ஹாஸ்டல்ல எத்தனை பிள்ளைங்கன்னு ஒருத்தங்க கேட்டாங்க. 'பிள்ளைங்க எங்க எண்ணுற மாதிரி இருக்குது, ஒரு இடத்துல நின்னாத்தான'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ரஞ்சனி உள்ளருந்து எட்டிப் பாத்துச் சிரிச்சுச்சு. நான் நிம்மதியா மூச்சு விட்டேன்.

ஸ்பீக்கர் செட்ல பாட்டுப் போட்டதும் இவங்க நெத்தி சுருங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவங்களும் என்னைப் பாத்தாங்க. போனை எடுத்தாங்க, காதுல வச்சாங்க, கொல்லைப்பக்கம் தண்ணித்தொட்டிக்குப் போனாங்க. எல்லாம் சொல்லிக்குடுத்த மாதிரியே. நான் பின்னாடியே போகல. போகக் கூடாது, தன்னால சமாளிக்க விடணும். அதுதான் முறை.

மாப்பிள்ளையோட பெரியம்மா கை கழுவ அங்க போயிருக்காங்க. இவங்க சொவத்தைப் பாத்து நின்னு, 'இப்ப ஆளுங்க இருக்காங்க, சாயங்காலம் வா, பேசிக்கலாம்'னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. நான் சொல்லிக்குடுத்த வாக்கியம்க்கா. ஒரு வார்த்தை பிசகல. அந்த இரைச்சல்ல, அந்தக் கூட்டத்துல. பரீட்சையா இருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன். அந்தம்மாவுக்கு அது எப்படிப் பட்டுச்சோ தெரியல. நம்ம பக்கம்தான் தெரியும்லக்கா, யாரு போன் பேசுனாலும், 'யாரு, குடு, நானும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்'னு வாங்கிப் பேசுவோம்ல. அந்தம்மா பின்னாடியே வந்து, 'யாருத்தா அது இம்புட்டு ரகசியமா, குடு பாப்போம்'னு போனை வாங்கிட்டாங்க. இதை நான் பயிற்சியில சேக்கல. எந்தப் புத்தகத்துலயும் இது இல்ல.

போனோட முன்வாசலுக்கே வந்துட்டாங்க. அப்பதான் தாம்பாளத் தட்டையெல்லாம் எடுத்து நடுவுல வச்சாங்க, மாத்துறதுக்கு. 'இது செத்த போனுப்பா. லைட்டே எரியல. இதைக் காதுல வச்சுக்கிட்டு இந்தம்மா யார்கிட்டப் பேசுது?'ன்னாங்க. பாட்டை யாரோ நிறுத்திட்டாங்க. 'தானாப் பேசிக்கிருதா? உங்க வீட்ல வேற யாருக்கும் இப்படி உண்டா? இதெல்லாம் வழிவழியா வர்ற விசயம், முன்னாடியே சொல்லியிருக்கணும்ல.'

மாப்பிள்ளையோட அப்பா தட்டுமேல வச்ச கையை எடுத்துட்டாரு. ரஞ்சனி நிலைப்படியில நிக்குது, தலையில பாதிப் பூதான் வச்சிருக்கு.

நான் சொல்லியிருப்பேன்க்கா. ஆமா, இது ஒரு நோய், இதுல வெக்கப்பட எதுவும் இல்லைன்னு. வகுப்புல எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வாயைத் திறந்துட்டேன்கூட. அதுக்குள்ள இவங்க கொல்லைப்பக்கத்துலருந்து வந்து நின்னாங்க.

'போனு சாகலைங்க. உங்களப் பாத்ததும் நான்தான் அமத்திட்டேன்.'

'அப்ப யாரு பேசுனது?'

'ஒருத்தரு.'

'ஒருத்தருன்னா?'

'மதுரையில இருக்காரு. பழக்கடை வச்சிருக்காரு. அவருக்குக் குடும்பம் உண்டு. அதனாலதான் ஒளிச்சுப் பேசுறது.'

அவ்வளவு நாள் வகுப்பு. சத்தம் உண்டு, ஆள் இல்லைன்னு தினமும் எனக்கு முன்னாடி சொல்லுறவங்க. இன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி, ஆள் இருக்குங்குறாங்க. அதுவும் எவ்வளவு கோர்வையா. எங்க பாடத்துலயே இருக்கு, ஒருதடவை ஆள் இருக்குன்னு மனசு நம்பிட்டா, அந்த ஆளுக்கு ஊர் வந்துரும், கடை வந்துரும், பெண்டாட்டி பிள்ளை வந்துரும். கண்ணு முன்னாடி அது நடக்குறதை அப்பதான் பாத்தேன். ஒரு நிமிசத்துல எல்லாம் போச்சு.

ஆனா அங்க இருந்தவங்க எல்லாம் மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, அது ஏன்னு தெரியல. பின்வரிசையில ஒரு பெரிசு, 'அட, இம்புட்டுத்தானா'ன்னு சிரிச்சாரு. அந்தப் பெரியம்மா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, 'புருசன் விட்டுட்டுப் போனவ, அவ புத்தி அப்படி. அதுக்குப் புள்ள என்ன பண்ணும்'னாங்க.

தம்பிக்காரரு அக்கா முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம்தான் கத்துனாரு. 'இந்த வயசுல உனக்கு இது கேக்குதா? எந்திரிச்சுப் போ. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத.' இவங்க ஏற்கனவே நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. பையை எடுத்தாங்க, நடந்தாங்க. ரஞ்சனி 'அத்தை'ன்னு கூப்பிட்டுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. முகத்துல ஒரு சலனம் கிடையாது. அதுவும் நோயோட அறிகுறிதான், உணர்ச்சி வத்திப்போறது.

அவரு ஆட்டோ வரைக்கும் வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. 'பாத்தீங்கல்ல டீச்சர், இனிமே ஊருக்குள்ள எப்படி வச்சுக்க முடியும்?'னாரு. மாடி ரூமைப் பத்தி நான் கேக்கல. அவரும் பேசல. பாவம், அவரு மட்டும் என்ன பண்ணுவாரு. போன் விசயம் அவருக்கு நல்லாவே தெரியும், நான்தான் விளக்கியிருந்தேன். அதுல ஆள் கிடையாதுன்னு அவராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். கோவத்துல மறந்துட்டாரு போல.

இவங்க வீடு போச்சுக்கா. இனிமே எங்க இல்லம்தான். நாளைக்கு மேடம் என்ன நடந்துச்சும்பாங்க. கடைசி நேரத்துல நம்பிட்டாங்கன்னு சொல்லணும். போன் உத்தி இவங்களுக்குச் சரிவரல, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லணும். எனக்குத் தெம்பே இல்ல. எந்தப் பாடத்தை விட்டேன்னு காலையிலருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு என்னன்னு எழுதத் தெரியல.

ஆட்டோ தெரு முக்குத் திரும்புனதும் இவங்க, 'நிறுத்துப்பா'ன்னாங்க. எனக்குப் பயம், எங்க மறுபடி அந்த வீட்டுக்குப் போயிடுவாங்களோன்னு. கையைப் பிடிச்சுக்கிட்டேன். இறங்கல. சும்மா உக்காந்திருந்தாங்க, காதை அந்தப் பக்கம் சாய்ச்சு. குரல் பலமா வருது போலன்னு நெனச்சு, 'என்னம்மா கேக்குது, கண்ணுக்குத் தெரியுற பொருளைப் பேர் சொல்லுங்க'ன்னேன். கையைக் காட்டி என்னை அமத்திட்டாங்க. ஆட்டோக்காரர் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாரு, அசையல. அந்த வெயில்ல அப்படியே இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு அந்த வீட்டுப் பக்கமிருந்து பொம்பளைங்க குலவை போடுற சத்தம் வந்துச்சு. தட்டு மாத்திட்டாங்க போல. இவங்க முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, நேரா உக்காந்து, 'போலாம்ப்பா'ன்னாங்க.